ஐஸ் சாமியின் மேப்பிள்

விசுவநாதன் காலமான செய்தியைத் தோப்பும்படியிலிருக்கும் ஐஸ் கம்பெனி ஜோசப்தான் கொண்டுவந்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே, "முருகேசன் சாரே, நம்முடெ ஐஸ் சாமி போயி" என்றார். எங்கள் கடலோர மட்டாஞ்சேரியில் பாதிப் பேருக்கு விசுவநாதன் என்றால் தெரியாது. ஐஸ் சாமி என்றால் தெரியும். தேயிலைக் கிடங்கில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இரண்டும் தெரியும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொச்சங்காடி கிடங்கில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை. சுவரில் ஜப்பான் கப்பல் கம்பெனி ஒன்றின் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு போன்சாய்: தட்டைச் சட்டியில் ஒரு முழ உயரத்துக்கு முழு மேப்பிள் மரம், இலையெல்லாம் குங்குமச் சிவப்பு. மாதம் முடிந்தும் அந்தத் தாளைக் கிழிக்க விடமாட்டார். எங்கள் கம்பெனியின் மூணாறு தோட்ட பங்களாவில் வெள்ளைக்காரர் நட்ட மேப்பிள் ஒன்று நிற்கிறது என்று லாரி டிரைவர் சொன்னாரோ இல்லையோ, மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மரத்தடியில் முளைத்த கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி, தேயிலை லோடோடு வரவழைத்தார்.

கன்றுகள் வந்தன, வந்த வேகத்தில் செத்தன. எங்கள் ஊரில் என்றைக்குக் குளிர் அடித்தது? "எடோ, இது இலை உதிர்த்துத் தூங்கவேண்டிய ஜாதியாக்கும். தூங்க விடாம வச்சா எத்தனை நாள்தான் தளிர் விடும்?" என்பார். "சார், உங்களைப் பத்திச் சொல்றீங்களா?" என்று சீண்டினேன். "மரத்தைப் பத்திப் பேசினா மரத்தைப் பத்திக் கேளு" என்று சுள்ளென்று விழுந்தார்.

சீண்டியதற்குக் காரணம் உண்டு. அவர் மனைவி ராஜம் மாமிக்குத் தனியாக இருந்தால் நெஞ்சு படபடக்கும். இவர் வர அந்தி தாண்டினால் வாசலில் நின்று அழுவார். பிள்ளைகளும் இல்லை. அதனால் பக்கத்துக் கலூர் தாண்டி இவர் ஒரு நாள் ஓய்வுக்குக்கூட எங்கும் போனதில்லை. மூணாறுக்குக் கணக்குப் பார்க்கப் போகும் முறை வரும்போதெல்லாம் என் தலையில் கட்டிவிடுவார். நான் திரும்பி வந்தால் சாயா குடிக்கக்கூட விடமாட்டார். அடிமரம் எவ்வளவு பருமன், பட்டை வழுவழுப்பா சொரசொரப்பா என்று துளைத்தெடுப்பார். "நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்களேன்" என்றால், "ராஜம் விடமாட்டா" என்ற ஒரே பதில். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த மாமி மேலேயே கோபம் வந்தது.

போக முடியாதவர், குளிரை வீட்டுக்கு வரவழைக்கப் பார்த்தார். ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டியில் சட்டிகளை இறக்கி, மரத்தூள் கொட்டி, தோப்பும்படியிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸைச் சாக்கில் சுமந்துவந்து நிரப்பினார். "மீன் எவிடே சாமீ?" என்று வழியெல்லாம் கேலி. அவர் குடியிருந்த அக்ரகாரத்தில் மீன் வாடை. பெட்டியைச் சுற்றிப் பூனைகள் மாநாடு போட்டன. சில நாளில் கன்றுகள் கருகின. அந்த ஐஸில் உப்பு சேர்ப்பார்கள் என்பது, மீனையே தொடாத மனிதருக்கு எப்படித் தெரியும்? "பனியைக் கொடுக்கறேன்னு சமுத்திரத்தைக் கொடுத்துட்டேன்டோ" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு ஜோசப் அவருக்கென்று உப்பில்லாத பாளமாக எடுத்துவைப்பார். எண்பதுகளில் ஒரு மார்கழியில் ஒரே ஒரு கன்று இலை முழுவதும் உதிர்த்தது. மாசியில் சிவப்பாகத் துளிர்த்தது. கிடங்கு முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஓய்வு பெற்ற பின்னும் மார்கழி தவறாமல் அதற்கு ஐஸ் சுமந்தார்.

துக்கம் கேட்கப் போனபோது மாமி அந்தச் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "சார் மூணாறைப் பார்க்காமலே போயிட்டாரே மாமி" என்று கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன்.

மாமி நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தடவையாவது, போயிட்டு வரட்டுமான்னு என்கிட்ட கேட்டாரோ? கேப்பார், கேப்பார்னு இருந்தேன். நான் பயந்துண்டாவது போயிட்டு வாங்கோன்னு சொல்லியிருப்பேனே."

செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வந்தது.

விசுவநாதனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான். அங்கேயே கேட்டேன்: "இந்த மரத்தை மூணாறு மண்ணுல வச்சுட்டு வரலாம். நீங்களும் வர்றீங்களா மாமி?"

மாமி சட்டி மண்ணைத் தடவினார். "காரியமெல்லாம் முடியட்டும்" என்றார். சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அங்கே ரொம்பக் குளிருமோ?" என்று கேட்டார்.