கபிரியேலின் இடது தோள்

டாக்டர் ஜெயசிங் வரைந்த படங்களில் மனிதர்கள் எல்லோரும் முதுகு காட்டித்தான் நிற்பார்கள். பெஞ்சில் காத்திருக்கும் முதுகுகள், வலை பின்னும் முதுகுகள், கோயிலில் முக்காடு போட்டுக் குனிந்த முதுகுகள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அரங்கில் அவற்றைப் பார்வைக்கு வைத்தபோது, மனித வாழ்வின் தனிமையை முகமே இல்லாமல் சொல்லிவிட்டார் என்று ஒரு பேராசிரியர் பேசினார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மனைவி ஜெபகனிக்குச் சிரிப்பு வந்தது.

"இதுல தத்துவம் ஒண்ணும் கெடையாது. இருவத்தாறு வருசம் ஊசி போட்டுப் போட்டு, இவரு மனுசருக்க முதுவத்தான் கண்டிருக்காரு" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னாள்.

கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் நடந்தது அதுதான்.

இனயத்தில், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் அவருடைய கிளினிக் இருந்தது. அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. காலையில் பூசை, மத்தியானம் இறைச்சிக் கறி, சாயங்காலம் டாக்டரிடம் ஒரு ஊசி. திங்கள் விடியுமுன் வள்ளம் இறக்க வேண்டும், ஆறு நாள் வலை இழுத்த உடம்பு அதற்கு இணங்க வேண்டும். என்ன நோய் என்று கேட்டால், "நாளைக்குக் கடலுக்குப் போணும் சாரே" என்பார்கள். கம்பவுண்டர் ரசலையன் ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரை உள்ளே விடுவார். வருகிறவர் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுவார். பிறகு திரும்பி நின்று கைலியைக் கொஞ்சம் தளர்த்துவார். டாக்டர் இடுப்பில் குத்திவிட்டுப் பஞ்சை அழுத்துவார். அடுத்த ஆள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கபிரியேல் அந்த வரிசையில் வந்தார். சட்டையை விலக்கி இடது தோளில் கை வைத்தார். "இங்கேருந்து தாடை வரைக்கும் ஒரு கடுப்பு சாரே."

வள்ளம் கரையேறியதும் அதன் என்ஜினைக் கழற்றிக் கம்பில் கட்டி, இரண்டு பேர் தோளில் வைத்து மணலில் தூக்கிப் போவார்கள். வருடக்கணக்கில் கம்பு அழுத்திய தோளில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறிவிடும். என்ஜின் சுமக்கிற தோள் வலிக்காமல் என்ன செய்யும்? டாக்டர் ஊசி போட்டார். மறுநாள் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கபிரியேல் வள்ளத்துக்குள் சரிந்தார். கரைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. நாற்பத்துநாலு வயது.

நெஞ்சடைப்பு என்று ஊர் சொன்னது. டாக்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏழாம் நாள் பூசைக்கு அவர் போனபோது கபிரியேலின் மனைவி செசிலி, "சாரு ஊசி போட்டதுனால அண்ணு ராத்திரி அவரு நல்லா உறங்குனாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை ஓடவில்லை. தோள் வலி என்று வந்தவரையெல்லாம் உட்காரவைத்து, ஈசிஜி எடுத்து வரச் சொன்னார். "ஊசி கேட்டா கதை கேக்காரு" என்று ஆட்கள் வேறு டாக்டரைத் தேடிப் போனார்கள். ஆளில்லாத ஞாயிறுகளில் மருந்துச் சீட்டின் பின்புறம் பேனாவால் கிறுக்கத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, நாகர்கோவில் வீட்டின் கார் ஷெட்டில் துணியும் சாயமுமாக உட்கார்ந்தார். கபிரியேலைப் பலமுறை வரைந்துபார்த்தார். தோளும் அதன்மேல் வைத்த கையும் வரும். முகம் வராது. அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் காய்ப்பைப் பார்த்தோம், பார்த்துத்தான் ஊசி போட்டோம். இதைத் தனக்குள் சொல்லிச் சொல்லித்தான் அவர் தூங்கினார்.

இந்தத் தை மாதம் செசிலி, மகள் ஜின்சியின் கல்யாணக் கடிதத்தோடு வந்தாள்.

"சாரு இப்போ படம் வரைக்காராமே. ஜின்சிக்க அப்பாவ வரைஞ்சு தரணும். கோயிலுக்கு எறங்குறதுக்கு முன்ன பிள்ள தகப்பனுக்க முன்னால முட்டுக்குத்தி ஆசீர்வாதம் வாங்கணும்லா?"

"படம் ஒண்ணும் இல்லியா?"

"ஆல்பம் சுனாமில போச்சு. இதான் உண்டு." மீனவர் அடையாள அட்டையை நீட்டினாள். தபால்தலை அளவுப் படம், உப்புநீர் பட்டு ஓரம் வெளிறியிருந்தது. "ஸ்டூடியோக்காரன் இத பெருசாக்கித் தந்தான். பேய் கெணக்க இருக்கு. கண்டா மாப்பிள வீட்டுக்காரன் ஓடிருவான்."

"எப்படி வேணும்? சட்டை போட்டா?"

"வேண்டாம். கடல்லேருந்து ஏறி வாற மாதிரி, தலையில துவர்த்தும் கெட்டி. ஜின்சிக்கு அதாக்கும் ஓர்மை."

ஒரு மாதம் வரைந்தார். அட்டையிலிருந்து கண்களை எடுத்தார். தாடையைக் கல்யாணக் கடிதத்திலிருந்த ஜின்சியின் போட்டோவிலிருந்து எடுத்தார். முதன்முறையாக ஒரு முகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. இடது தோளின் காய்ப்பை மட்டும் எதையும் பார்க்காமல் வரைந்தார். அதற்கு ஒரே நாள்தான் பிடித்தது. தடித்த தோலின் ஒவ்வொரு வரியும் இருந்தது. ஜெபகனிகூட, "இனி முதுவு ஆஸ்பத்திரிய மூடிருவியளா?" என்றாள். அவர் சிரித்தார்.

செசிலி படத்தை வாங்க வந்து, வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாதாவே, அவரேதான். இப்பம் பேசுவாரு போல இருக்கு." பிறகு தயங்கிக்கொண்டே சொன்னாள். "ஒரு குறைதான் சாரே. காய்ப்பு மாறிப்போச்சு. அவருக்கு வலது தோள்லயாக்கும்."

"இல்ல செசிலி, இடது. நான் கண்டேன்."

"பதினெட்டு வருசம் எண்ண தேச்சு விட்டவ நான். கம்பு வலதுலதான் வைப்பாரு. இடது பிள்ளைக்கி. கரையில ஏறுனதும் ஜின்சிய அதுலதான் தூக்கி வைப்பாரு. காய்ப்பு விழுந்தா பிள்ளைக்கி உறுத்தும்பாரு. மெழுகு கெணக்க இருக்கும்."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுமையே ஏறாத தோள். அங்கிருந்து தாடை வரை கடுப்பு. முதல் வருடம் வார்டுக்குப் போகும் மாணவனுக்குக்கூட அது நெஞ்சின் வலி என்று தெரிந்திருக்கும். அவர் காய்ப்பைப் பார்க்கவில்லை. தோளையே பார்க்கவில்லை. ஒன்பது வருடம் உட்கார்ந்து அந்தக் காய்ப்பைத் தானே அங்கே வரைந்திருக்கிறார்.

"சாரு வெசனப்படாதியும். கொஞ்சம் மாத்தித் தந்தா போரும்" என்றாள் செசிலி.

பத்து நிமிட வேலை. மாற்றிக் கொடுத்தால் அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

"இரி செசிலி" என்றார். வரிசையைச் சொன்னார். ரசலையன் வெளியே அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னார். கபிரியேல் தோளில் கை வைத்ததைச் சொன்னார்.

அவள் உட்காரவில்லை. "அப்போ அது என்ஜின் வலி இல்லியா?"

"இல்ல."

"சாருக்கு அண்ணைக்கே தெரிஞ்சிருக்குமா?"

"நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருந்தா?"

"கடலுக்கு விட்டிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். பொழச்சிருப்பாருன்னு ஒறப்பாச் சொல்ல முடியாது. பொழச்சிருக்கலாம்."

செசிலி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வரல்லன்னுதான் சொன்னாரு" என்றாள். "நானாக்கும் தள்ளி விட்டேன். சாரு நல்ல கைராசிக்காரரு, ஒரு ஊசி போட்டுட்டு வாருமுன்னு..."

படப் பலகையில் செருகியிருந்த அடையாள அட்டையை எடுத்துத் துடைத்துப் பர்சில் வைத்தாள்.

"பிள்ளைக்கி இது தெரியண்டாம். கல்யாணம் நல்லா நடக்கட்டு."

"படம்?"

"இங்க இருக்கட்டு."

டீயோடு வந்த ஜெபகனியைத் தாண்டிக் கேட்டைத் திறந்து போனாள்.

கல்யாணத்துக்கு ஜெபகனி மட்டும் போனாள். திரும்பி வந்து, சேலைகூட மாற்றாமல் கார் ஷெட்டில் வந்து நின்றாள்.

"ஸ்டூடியோ படத்தத்தான் வச்சிருந்தாவ. செசிலி சொன்னது சரிதான், மொகமே தெரியல்ல. அந்தப் பிள்ள அதுக்க முன்னால முட்டுக்குத்தி, அப்பா அப்பான்னு ஒரே அழுகை."

டாக்டர் படத்தின் இடது தோளைச் சுரண்டி எடுத்திருந்தார். துணி வெளியே தெரிந்தது.

"யாருக்கு இனி இது?" என்றாள் ஜெபகனி.

அவர் தூரிகையை நனைத்தார். காய்ப்பு சுலபமாக வந்திருந்தது. குழந்தைக்கு உறுத்தாத வழுவழுப்பான தோள் மூன்று நாளாக வரவில்லை.