ரிசப்ஷன் தொட்டியில் ஆறு டைகர் பார்ப்

"அக்கா, அந்த ஃபைட்டரு செத்துப்போச்சு. என்னிய வேலைய வுட்டு நிறுத்தப் போறாங்களாம்" என்று செல்வி போனில் அழுதாள். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்ட் ஆள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். நான் படப்பையில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி ரிசப்ஷனில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு மீன் கொடுத்ததும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை போய்த் தண்ணீர் மாற்றியதும் நான்தான்.

ஃபைட்டர் மீனைப் புத்தகத்தில் பெட்டா என்று போட்டிருக்கும். கடைக்கு வருகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பெயரைக் கேட்டு, எல்லா மீனையும் இது அடித்துவிடும் என்று நினைக்கிறார்கள். இன்னொரு ஆண் ஃபைட்டரைக் கண்டால் அடிக்கும். வால் நீண்ட கப்பியைக் கண்டாலும் விடாது. ஆனால் வாலைக் கடிக்கிற, துறுதுறுவென்று ஓடுகிற மீனோடு விட்டால் அடி வாங்குவது இதுதான். அவ்வளவு பெரிய வாலை இழுத்துக்கொண்டு அதனால் தப்பி ஓட முடியாது.

அந்தத் தொட்டி ஒன்றரை அடி. ஒரு ஃபைட்டரும் இரண்டு நத்தையும் விட்டிருந்தேன். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு வெளிநாட்டு கஸ்டமர் விசிட் என்று அட்மின் மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னம்மா, ஒரே ஒரு மீனை விட்டு வச்சிருக்கீங்க. காலியா இருக்கு. அந்த மஞ்சள்ல கறுப்புக் கோடு போட்டது இருக்கே, அதுல ஆறு போடுங்க."

"அது டைகர் பார்ப் சார். ஃபைட்டர் வாலைக் கடிச்சே கொன்னுடும். நிறைய மீன் வேணும்னா தொட்டியைப் பெருசாக்குங்க, அடியில மேயுற கோரி மீன் கூட்டமா விடலாம்."

"பெரிய தொட்டிக்கெல்லாம் அப்ரூவல் கிடைக்காது. நாளைக்குக் காலையில போட்டுடுங்க."

போட்டேன். இதை மறைக்க மாட்டேன். வாயால் ஒரு முறை சொல்லியாயிற்று, அப்புறம் அவர் பாடு என்று நினைத்தேன். பத்தே நாளில் வால் கந்தலாகிவிட்டது. செல்விதான் படம் எடுத்து அனுப்பினாள். மேனேஜரிடமும் சொல்லியிருக்கிறாள்: "சார், அந்தக் கோடு போட்ட மீனுங்க இத்தக் கடிச்சிக்கினே கீதுங்க." அவர், "நீ தொடைக்கிற வேலையைப் பாரு" என்றாராம். நானும் போன் செய்து, பார்ப்பை எடுத்துவிடுகிறேன் என்றேன். விசிட் முடியட்டும் என்றார். விசிட் அன்று காலையில் ஃபைட்டர் செத்து மிதந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் செல்வி அழுதுகொண்டே போன் செய்தாள்.

பாகத்தில் குறை வந்தால் இந்தக் கம்பெனிகளில் 'ஃபைவ் வொய்' போடுவார்கள். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தைப் பிடிக்கிற முறை. நல்ல முறைதான். மீனுக்கும் அதைப் போட்டார்கள். மறுநாள் என்னையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் போர்டில் எல்லாம் எழுதியாகிவிட்டது. மீன் ஏன் செத்தது? வால் அழுகியது. ஏன்? தண்ணீர் சரியில்லை. ஏன்? தொட்டியைச் சுத்தமாக வைக்கவில்லை. ஏன்? ஹவுஸ்கீப்பிங் கவனக்குறைவு. ஏன்? ஆள் சரியில்லை. நடவடிக்கை, ஆளை மாற்றுவது.

ஐந்து கேள்வியில் ஒன்றுகூட மேனேஜர் நாற்காலிப் பக்கம் போகவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள். செல்வி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நா இன்னா சார் பண்ணேன்? வெளிய கண்ணாடி தொடைக்கச் சொன்னீங்க, தொடைச்சேன். தண்ணில கையே வெச்சதில்ல" என்றாள்.

"தண்ணி மாத்துறது நான் சார், அவங்க இல்ல. தண்ணி நல்லாத்தான் இருக்கு, இப்பவே டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன். வாலைக் கடிச்சது பார்ப். கேட்டது நீங்க, கொடுத்தது நான்" என்றேன்.

மேனேஜர் முகம் கடுகடுத்தது. "அப்ப வெண்டர் மிஸ்டேக்னு எழுதிடவா?"

"எழுதுங்க. யார் கேட்டாங்கன்னும் சேத்து எழுதுங்க."

முதல் பாதியை மட்டும் எழுதினார். பார்ப் ஆறும் என் கடைக்கே திரும்பின, செல்வி வேலை தப்பியது, என் சர்வீஸ் போனது. அதில் பாதி எனக்கு நியாயம்தான். கடிக்கும் என்று தெரிந்தே கொடுத்தவள் நான். மீதிப் பாதியை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சின்னத் தொட்டியில் ஃபைட்டர் தனியாகவே இருக்கட்டும், துணைக்கு நத்தை போதும். யார் அடம்பிடித்தாலும், வாயால் மறுத்துவிட்டுக் கையால் எடுத்துக் கொடுக்காதீர்கள். அளவுக்கு ஒத்துவராத பாகத்தை லைனில் ஏற்ற அந்தக் கம்பெனியிலேயே 'டீவியேஷன்' பாரம் என்று ஒன்று உண்டு. மேனேஜர் தன் பொறுப்பு என்று கையெழுத்து போடாமல் பாகம் நகராது. மீனுக்கும் அதைக் கேளுங்கள்.

மறு மாதமே செல்வி போன் செய்தாள். "அக்கா, புதுக் கடைக்காரரு ரெண்டு ஃபைட்டரு எடுத்தாந்துகீறாரு. ஒரே தொட்டில வுடச் சொல்றாரு சாரு."

"நீ வாயைத் தொறக்காத. அந்தக் கடைக்காரர்கிட்ட போனைக் குடு" என்றேன். அந்த டீவியேஷன் பாரம் ஒன்றை வாங்கி, ரெண்டும் அடித்துக்கொண்டு சாகும் என்று எழுதி, சாரிடம் நீட்டச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் அவளே மறுபடி கூப்பிட்டாள்.

"சாரு கையெழுத்து போடல அக்கா. ஒரு மீனைத் திருப்பி எடுத்துக்கினு போவச் சொல்ட்டாரு."