தலையாட்டியது முகம், பேசியது நான்

இன்று எங்கள் ஊர் ஈஜோக்கில், வீட்டிலிருந்தபடியே ஒரு வேலைக்கு நேர்காணல். கேள்வி கேட்டது கணினி உருவாக்கிய ஒரு பெண் முகம்.

முதல் கேள்விக்கு, நம் வழக்கப்படி தலையை இருபக்கமும் லேசாக அசைத்தேன். "மறுக்கிறீர்களா?" என்றது. நம்மவர்களுக்கு இதுதான் 'சரி' என்று விளக்கினேன்.

அடுத்த கேள்வியிலிருந்து அதுவும் அப்படியே தலையசைத்தது. கண்ணைச் சற்றுச் சுருக்கி, நெருங்கிய தோழியைப் போல.

"போன வேலையை ஏன் விட்டீர்கள்?"

தயாரித்து வைத்திருந்த பொய்யை மறந்துவிட்டேன். என் நோயைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கே தெரியாதது, வேலை தருபவர்கள் அறியவே கூடாதது. நான் சொல்லச் சொல்ல அது பரிவாகத் தலையசைத்தது.

பிறகு முகம் மறைந்து, "உங்கள் பதில்கள் பதிவாகிவிட்டன" என்று எழுத்து வந்தது. கணினியைச் சட்டென்று மூடினேன்.

அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தார். "யாருகிட்டடி இவ்ளோ நேரம் பேசுன?"

"யாரும் இல்லம்மா, கம்ப்யூட்டர் லா."

"கம்ப்யூட்டருக்கா அப்படித் தலைய ஆட்டுன?"

வேலை போனால் போகட்டும். அடுத்து நம்மில் ஒருத்தி அதன் முன் உட்காருவாள். அவளிடம் என் அசைவைக் காட்டித்தான் அது கேட்கும். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கை தூக்குங்கள். என்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் இங்கே எழுதாதீர்கள்.