வெந்நீர் ஊற்றிய தோல்பை

மணி அடித்தால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்திவிடுவார் சைராகுல். நாரின் மலைப்பக்கத்து எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியை. நான் கணக்கு நடத்தும் அறைக்கு அடுத்த அறை அவருடையது. குதிரை மேய்க்கிற குடும்பங்களிலிருந்து முதலில் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள் இருவரும். அந்தப் பெருமையில், ஊருக்கே அறிவியலைக் காட்டிவிடும் அவசரம் எங்களுக்கு.

பள்ளிக்கு முதன்முதலாக நுண்ணோக்கி வந்த வாரம் அது. தீக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, அயோடின் விட்டு, செல்களைக் காட்டினார். பிறகு மாணவி தினாராவின் பல்லிடுக்கு அழுக்கு.

"டீச்சர், இது நெளியுதே!" என்று அலறினாள் தினாரா.

"பாக்டீரியா. உன் வாயில, வயித்துல, நீ குடிக்கிற குமிஸ்ல, எல்லாத்துலயும் இருக்கு. சிலது நோய் கொண்டுவரும். ஆனா பெரும்பாலானது..."

மணி அடித்தது.

குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் குமிஸாக்கும் தோல்பையை எங்கள் பக்கம் யாரும் சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை. புகை மட்டுமே காட்டுவார்கள்; தோலில் ஊறிய பழைய புளிப்புதான் அடுத்த பாலைப் புளிக்கவைக்கும். தம்பிக்கு நோய் வந்துவிடுமோ என்று பயந்த தினாரா, பையைக் காலி செய்து, கொதிநீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையோ, பருவத்தின் முதல் குமிஸுக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்திருந்தார்கள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, அவள் அம்மா கல்பூபூ பள்ளி முற்றத்தில் நின்றார். "ஏம்மா டீச்சர், என் பையைக் கொல்றதுக்கா இந்தப் படிப்பு? விருந்துக்கு வர்றவங்களுக்கு வெறும் பாலையா ஊத்துவேன்? அவங்க என்ன குதிரைக் குட்டிங்களா?"

தலைமையாசிரியரும் அந்த விருந்துக்குப் போகிறவர். "குமிஸ் புளிக்கலைன்னா, அந்தக் கருவியை அலமாரியில வெச்சுப் பூட்டிடுவேன்," என்றார்.

சைராகுல் ஓடைக்கு அக்கரை வீட்டில் ஒரு கரண்டி பழைய குமிஸ் கேட்டு வாங்கிவந்து, பையில் புதுப்பாலோடு கலந்தார். அவரும் கல்பூபூவும் இரவெல்லாம் மாறிமாறிக் கடைந்தார்கள். விடிந்தபோது பால் அப்படியே இனித்தது. தோலில் ஊறிய சோப்பு போகவில்லை.

"மறுபடியும் போய்க் கேக்கணுமா?" என்றார் சைராகுல் என்னிடம். போனார். இம்முறை மரப்பீப்பாயில் ஊற்றினார்கள். சனிக்கிழமை முழுதும், நுரைக்கும் சத்தம் வருகிறதா என்று பீப்பாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார் சைராகுல்.

"அது என்ன வயித்துப் புள்ளையா?" என்றார் கல்பூபூ. சற்றுக் கழித்து அவரும் காதை வைத்தார்.

ஞாயிறு காலை கல்பூபூவின் ஜன்னலோரம் நுண்ணோக்கியை வைத்து ஒரு சொட்டைப் பார்த்தார் சைராகுல். முட்டை முட்டையாக ஈஸ்ட், குச்சி குச்சியாக பாக்டீரியா, ஒரே நெரிசல். ஆனாலும் நாக்கு என்ன சொல்லப்போகிறது என்று லென்ஸுக்குத் தெரியாதே.

முதல் கிண்ணம் தலைமையாசிரியருக்கு. குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாப் புளிச்சு மூக்குல ஏறுது," என்று கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

அப்போதுதான் சைராகுல் மூச்சுவிட்டார். "தினாரா, அன்னைக்கு நான் முடிக்கல. பெரும்பாலானது ஒன்னும் பண்ணாது. பலது நமக்காக வேலையும் பாக்குது."

கல்பூபூ அவரைத் தள்ளிவிட்டு லென்ஸில் குனிந்தார். "எங்க அந்த வேலைக்காரங்க? அடப் பாவிங்களா, வெள்ளிக்கெழமையே வந்து தொலைச்சிருக்கக் கூடாதா?"