வளையல் தாண்டிய முடிச்சு

விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சினுக்குக் கரி சுமந்த பெண்களில் வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். யுத்த காலம், ரயில்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் கரிமேட்டில் சறுக்கி விழுந்து இடது முன்கை எலும்பு முறிந்தது. என் இடத்தில் வேறொருத்தியை வைத்துக்கொண்ட மேஸ்திரி, "கை சரியாவட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அந்தப் "பாக்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. என் கூடையைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

திண்டிவனத்தில் அம்மா வீட்டில் தங்கி, அங்கே ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டேன். முதலில் கட்டுக்குள் எலும்பு நறநறவென்று உரசும், உயிர் போகும். பிறகு உரசல் நின்றது. டாக்டரம்மா கட்டைப் பிரித்து, முறிந்த இடத்தை இரு கையாலும் பிடித்து மெல்ல அழுத்தினார். லேசாக வளைந்து கொடுத்தது.

"பயப்படாதே, ஒட்டிக்கிச்சு. இப்ப அது இளசு, காது மடல் மாதிரி. இன்னும் சுண்ணாம்பு ஏறல" என்று சொல்லி, மறுபடி கட்டுப் போட்டார்.

அடுத்த முறை அழுத்தியபோது வளையவில்லை. கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும் புடைத்திருந்தது.

"இளசா இருக்கிறப்ப தாங்கணும்ல, அதான் உடம்பு தடிமனா பூசி வச்சிருக்கு. கெட்டியானதும் வேண்டாததைத் தானே எடுத்துடும். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. பாரம் பட்டாத்தான் எலும்பு உறுதியாகும்."

விழுப்புரம் திரும்பியதும் காலிக் குடம், அரைக் குடம், நிறைகுடம் என்று ஏற்றிக்கொண்டே போனேன். கையைத் தூக்கும்போதெல்லாம் என் பித்தளை வளையல் சறுக்கி வந்து, முடிச்சில் டக்கென்று நிற்கும். என் வீட்டுக்காரருக்கு அந்த முடிச்சுதான் தெய்வம். தடவிப் பார்த்து, "இது இருக்கிற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆவாது" என்பார்.

பொங்கல் நெருங்கியபோது வளையல் முடிச்சைத் தாண்டிப் போனது. மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எலும்பு கரைஞ்சிக்கினு போவுதுடி. கூடைய தூக்கினா மறுபடி ஒடிஞ்சிடும்."

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல், எனக்கு வேலை தர வேண்டாமென்று நேரே மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் நான் வேலை கேட்டபோது மேஸ்திரி கையை விரித்தார்.

"உன் வூட்டுக்காரரே வேணாங்கிறாரு. நான் இன்னாம்மா பண்றது?"

கோபம் வந்தால் எனக்கு மரியாதை வராது. வீட்டுக்குப் போய் அவரை இழுத்துக்கொண்டு கரிமேட்டுக்கே வந்தேன்.

"ஏன்யா, வருசா வருசம் மல்லாட்டை புடுங்குறவன்தானே நீ? பச்சைக் கடலைக்காய் பருமனா இருக்கும், நகத்தால அமுக்கினா அமுங்கும். காஞ்சா சிறுத்துடும். எது கெட்டி, நீயே சொல்லு."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒரு நடை தூக்கு" என்றார்.

கூடை நிறையக் கரி தலைக்கு ஏறியது. இடது கையை உயர்த்தி விளிம்பைப் பிடித்தேன். வளையல் மணிக்கட்டிலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் முழங்கைப் பக்கம் வரை ஓடியது. எஞ்சினுக்குச் சாய்த்துப் போட்டிருந்த பலகையில் ஏறி நடந்து, கரியைக் கொட்டிவிட்டு இறங்கினேன். கை வலிக்கவே இல்லை.

"நாளையிலேர்ந்து வந்துடு" என்றார் மேஸ்திரி.

அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாயா?"

"வளையல் நிக்கிற சத்தம் கேக்கலியேடி. உசுரே போயிடுச்சு எனக்கு."

"இனிமே கேக்காது. அடுத்த கூடைய நீயே தூக்கி வை."

என் கையைப் பார்த்துக்கொண்டே தூக்கி வைத்தார்.