நடக்காத விழாவுக்கு இரண்டு பத்தி

ஒட்டாத பழுப்புக் கவர் ஒன்று, இரண்டரை மணி பஸ்ஸின் படிக்கட்டில் நிற்கும் கண்டக்டர் அண்ணனின் கைக்குப் போகிறது. என் பத்திரிகை வாழ்க்கையை நினைத்தால் முதலில் தெரிவது அந்தக் காட்சிதான். சென்னையில் ஒரு வருடம் இதழியல் படித்து, பட்டயத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, ஏற்காட்டுக்கே திரும்பிப் பகுதிநேர நிருபர் ஆனவன் நான். உடன் படித்தவர்களில் பாதிப்பேர் பேங்க் பரீட்சைக்குப் போய்விட்டார்கள். புத்திசாலிகள். நான் எழுதும் செய்தி பஸ்ஸில் இறங்கும். சேலம் பஸ் ஸ்டாண்டில் பத்திரிகை ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார். கவரை ஒட்டக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். அடிவாரத்தில் டீக்கு நிற்கும்போது அதைப் பிரித்துப் பயணிகளுக்கு உரக்கப் படிப்பார். நாளைய பேப்பர் அந்த பஸ்ஸுக்கு மட்டும் இன்றே வெளியாகிவிடும்.

பேப்பரில் எங்கள் ஊர்ச் செய்திப் பக்கத்தை ஆறு மணிக்கே அச்சுக்கு முடித்துவிடுவார்கள் என்பதால், மாலை விழாக்களை மதியமே எழுதி அனுப்புவது மலை நிருபர்களின் வழக்கம். அந்த வருடம் மலர்க் கண்காட்சித் திறப்பு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. செய்தி ஆசிரியர் என்னிடம், "ரெண்டு பத்தி சுத்தமா எழுதிக் குடு, நிரந்தர வேலையைப் பத்தி இந்த வாரமே பேசிடலாம்" என்றிருந்தார். விடுவேனா? பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டினார், மலர்களைப் போல மனிதர்கள் வாழ வேண்டும் என்று பேசினார், பலத்த கைதட்டல். எல்லாம் இரண்டரை மணி பஸ்ஸில் போயிற்று.

மூன்று மணிக்கு மைக்கில் சொன்னார்கள்: மூடுபனியால் அதிகாரி மேலே வர முடியவில்லை, திறப்பு விழாவும் கண்காட்சியும் ஞாயிற்றுக்கிழமை.

டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். மழையில் லைன் செத்திருந்தது. யாரிடமோ "பனி எப்ப முடியும்?" என்று கேட்டேன், பனிக்கு நேர அட்டவணை இருப்பதுபோல. கடைசியில் சேலத்துக்குக் கிளம்பிய எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் ஜீப்பில் தொற்றினேன். அந்த இறக்கம் இன்னும் கனவில் வருகிறது. சாலை இல்லை, மலை இல்லை. சில்வர் ஓக் மரம் ஒன்று வெள்ளைக்குள்ளிருந்து வந்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்பப் போய்விடும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். இல்லாத வேலைக்கு.

அடிவாரத்தில் பனி சட்டென்று விலகியது. பனியில் ஊர்ந்து வந்த பஸ் இன்னும் டீக்கு நின்றிருந்தது. டீக்கடை முன்னால் அண்ணன் என் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். பயணிகளுக்கு நடுவில், கையில் டீ கிளாஸோடு, தன் பேச்சைத் தானே கேட்டபடி அந்த அதிகாரி நின்றிருந்தார்.

"பலத்த கைதட்டல்" என்று அண்ணன் முடித்தார். ஒருவரும் தட்டவில்லை.

எழுதியவன் இவன்தான் என்று அண்ணன் என்னைக் கைகாட்ட, அதிகாரி சிரித்தார். "நல்லாத்தான் பேசியிருக்கேன். பரவாயில்ல தம்பி, அப்படியே அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை வந்து இதையே பேசிடறேன்."

எனக்கு உயிர் வந்தது. அப்படியே போகட்டும் என்று அண்ணனிடம் தலையாட்டினேன். அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க ரிப்போர்ட்டரு, முப்பது பேரு இவரை இங்க பாத்துட்டாங்க. நாளைக்குப் பேப்பர்ல இவரு மேல ரிப்பன் வெட்டுனதா இருந்தா என்னையத்தான கேப்பாங்க? சத்தமாப் படிச்சுக் காட்டுனவன் நானுங்களே!"

"அண்ணா, என் வேலைங்க..."

"எனக்கும் இதுதானுங்க வேலை. எழுதுங்க, பஸ்ஸை நிறுத்தி வெக்கறேன்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலே வரி எழுதினேன். அவசரத்தில் மூடுபனியின் 'மூ' மூன்று தடவை அடிபட்டது. "இவரு எழுதி முடிக்கறதுக்குள்ள விழாவே வந்துருமாட்ட இருக்குது!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். "நொம்ப அவசரமுன்னா எறங்கி நடங்க" என்றார் அண்ணன்.

மறுநாள் பேப்பரில் நாலு வரி அப்படியே வந்தது. "நடக்காததையெல்லாம் எதுக்கய்யா எழுதறே?" என்றார் செய்தி ஆசிரியர். நிரந்தர வேலை வேறொருவருக்குப் போயிற்று.

இப்போது ஒரு கல்லூரியில் இதழியல் வகுப்புக்கு அவ்வப்போது பேசப் போகிறேன். "தமிழ்நாட்டுல இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமாங்க சார்?" என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். நாளிதழ், தொலைக்காட்சி, இணையம் என்று விவரமாகச் சொல்கிறேன். வேலைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைப்பதில்லை. அவர்களிடம் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி வாசலில், தலைச்சோலை கிராமத்திலிருந்து பிள்ளைகளோடு வந்த ஓர் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். "நேத்தே கெளம்பி நின்னோமுங்க. பேப்பர்ல இன்னைக்குன்னு போட்டிருக்குதுன்னாங்க. சீலையை மடிச்சு வெச்சுட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டோம், ஒரு நாள் கூலி மிஞ்சுச்சு" என்றார், என்னை யாரென்று தெரியாமல். பிறகு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு டேலியாப் பூக்களுக்குள் மறைந்துபோனார்.

நிருபர் வேலையில் நான் உண்மையாகச் சேர்ந்தது அன்றைக்குத்தான். நிரந்தர வேலைக்கான ஆர்டர் வர இரண்டு மழைக்காலம் ஆயிற்று.