மூன்று விநாடிச் சக்கரம்

அந்த மருந்துக் கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டக்காரர் என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டரின் கருப்புத் திரையில், படம் என்று ஒன்றுமே இல்லாமல், வெறும் எழுத்தையும் கோட்டையும் வைத்துக் கட்டம் கட்டுகிறவர். எண்பது எழுத்து அகலம், இருபத்து நாலு வரி உயரம். அதற்குள் மருந்துப் பட்டியலுக்கு ஒரு கட்டம், கடைப் பெயருக்கு ஒரு கட்டம், சரக்கு தீர்ந்தால் சிவந்துபோய் இடமும் வலமும் ஆடுகிற கட்டம் ஒன்று. தமிழில் பெயரைப் போட்டாலோ கொம்பும் காலும் சேர்ந்துகொண்டு வலப்பக்கக் கோட்டைக் கோணல்மாணலாக்கிவிடும். எந்த எழுத்து எத்தனை இடம் பிடிக்கும் என்று ஆயிரத்துச் சொச்சம் மருந்துப் பெயர்களுக்கும் உட்கார்ந்து எண்ணிவைத்திருந்தார் மனிதர். அது வேறு யாருக்கும் தெரியாது. வினையே அங்கேதான்.

சரக்கு வண்டி கிளம்பினால் திரையின் அடியிலும் ஒரு வண்டி ஓடும். கோடுகளால் உடம்பு, இரண்டு பூஜ்யங்கள் சக்கரம். ஓர் இடத்தில் எழுதி, அழித்து, அடுத்த இடத்தில் எழுதினால் ஓடுவதுபோல இருக்கும். ஆர்டர் அடிக்கும் நான்கு பெண்களும் முதல் நாள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நால்வரில் மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஊருக்கெல்லாம் கட்டம் போடுறீங்க தம்பி, உங்க கட்டம்தான் சரியில்ல."

சரியில்லைதான். அவர் மனைவி நர்ஸ். மாற்றல் உத்தரவு வந்து, ஒன்றரை வயதுப் பெண்ணையும் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. பின்னாலேயே வருகிறேன் என்றவர் இன்னும் இங்கேயே, சலைன் பெட்டிகளுக்குப் பின்னால் பலகை அடித்துத் தடுத்த, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் முதலாளி கும்பிடாத குறையாக ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"நீ போனா இது நின்னுடும்பா. வேற யாருக்கு இதுல தலையும் வாலும் தெரியுது?"

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்றால் இதுதான். யார் கட்டச் சொன்னார்கள் அத்தனை கட்டத்தை!

இந்த வருஷம் வழி பிறந்தது. மனைவி இருக்கும் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார் வேலை, ஒன்றாம் தேதி சேர வேண்டும். முதலாளியும் இறங்கிவந்து வெளியிலிருந்து புது புரோகிராம் வாங்கினார். கலர் கலராக, மவுஸ் வைத்துத் தட்டுவது. உள்ளே யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டி வந்தது. "அந்த நாலு பேரும் இது சரியா ஓடுதுன்னு எழுதிக் குடுக்கட்டும், மறுநாளே நீ கிளம்பு" என்றார்.

மாதம் முடிய நாலு நாள்தான் பாக்கி. நாலு பேரில் ஒருத்தியும் எழுதித் தரவில்லை.

"என்ன குறைக்கா அதுல?"

"சொல்லத் தெரியல தம்பி. சரிப்பட்டு வரல."

தனக்கு மட்டும் காரணம் தெரியும் என்று நினைத்தார். பழைய புரோகிராமில் என்டரைத் தட்டினால் மூலையில் ஒரு சக்கரம் சுற்றும். செங்குத்துக்கோடு, சாய்கோடு, படுக்கைக்கோடு, எதிர்ச்சாய்வு. நாலையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி எழுதினால் சக்கரம். பழையதை ஓடவிட்ட முதல் வாரம் அந்தச் சக்கரம் இல்லை. ஆர்டர் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட, போயிருக்காது என்று எல்லோரும் இரண்டாம் தரம் தட்டினார்கள். ஒரு கடைக்கு இருமல் மருந்து லாரியோடு இரண்டு முறை போய் இறங்கியது. அதனால்தான் மூன்று விநாடி சும்மா சுற்றட்டும் என்று அதை வைத்தார். பச்சைப் பொய். சக்கரம் சுற்றாததால்தான் இவர்களுக்குப் புதியதில் நம்பிக்கை வரவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டார்.

மத்தியானம், நால்வரும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சாப்பிட்டு முடித்திருந்த நேரம் பார்த்து, கையெழுத்துக்கு எழுதிவைத்த காகிதத்தோடு போனார்.

"அக்கா, ஒரு உண்மைய சொல்லிடறேன். அந்தச் சக்கரம் சும்மா. ஆர்டர் அதுக்கு முன்னாடியே போயிடும்."

பெரியக்கா டப்பாவை மூடினாள். "தெரியுமே."

"தெரியுமா? எப்படி?"

"போன வருஷம் கம்ப்யூட்டர் லைன் புடுங்கிக்கிட்டு கெடந்துச்சே, ஒரு ஆர்டர் போச்சா? சக்கரம் மட்டும் ஜோரா சுத்திச்சு!" மற்ற மூவரும் சிரித்துவிட்டார்கள்.

"அப்புறம் என்னதான்க்கா உங்களுக்குப் பிரச்சினை?"

"அது சுத்தறப்போதான் தம்பி நாங்க கையை எடுக்கறோம். நான் விரலை நீட்டி மடக்குவேன். இவ ஒரு வாய் தண்ணி குடிப்பா. யாராவது கேட்டா, கம்ப்யூட்டர் ஓடுதுங்கன்னு சொல்லிடலாம். புதுசுல தட்டின கையோட அடுத்த ஆர்டர் மூஞ்சில வந்து நிக்குது. சின்னவ கையப் பாருங்க." சின்னவள் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள்.

அவருக்குப் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "உங்க மூணு விநாடிக்கு என் பொண்டாட்டி புள்ளை அங்க தனியா கெடக்கணுமா? நாலு வருஷம்க்கா!" என்று கத்திவிட்டார். குரல் உடைந்துபோனது அவருக்கே வெட்கமாக இருந்தது.

பெரியக்கா கையை நீட்டினாள்.

"குடுங்க அந்தக் காகிதத்த. பொண்ணுக்கு ஆறு வயசு ஆகப்போகுது. போய்ச் சேருங்க, நாங்க பாத்துக்கறோம்."

நால்வரும் போட்டார்கள். சின்னவள் கட்டுப் போட்ட கையாலேயே கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி காகிதத்தைப் படித்துவிட்டு மேஜையைத் தட்டினார். "அப்படிப் போடு! வேகத்தப் பாத்தியா? நாலு பேர் பாக்கறத ரெண்டு பேரே பாத்துடலாம் போலிருக்கே. யாரு யாரை நிறுத்தலாம்? உனக்குத்தான் அவங்களத் தெரியும், ரெண்டு பேர் மட்டும் சொல்லிட்டுப் போ."

கட்டக்காரர் வாயைத் திறந்தார். வந்தது பெயர் இல்லை, வேறு.

"சார், புதுசுல இன்னும் தப்பு இருக்கு."

"கையெழுத்துப் போட்டிருக்காங்களே?"

"அவங்களுக்குத் தெரியாது சார். நான் பாத்தேன்."

"அப்போ நீ போக முடியாதேப்பா."

"தெரியும் சார்."

முதலாளி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் அறைக்கு வந்து, மனைவிக்குப் போன் செய்தார். முழுக்கச் சொன்னார், எதையும் மறைக்கவில்லை.

அவள் கடைசிவரை கேட்டாள்.

"இத்தனை நாளா முதலாளி விடலைன்னு பாப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். அவளும் நம்பினா. இனிமே என்னங்க சொல்றது?"

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல. நீங்களே சொல்லுங்க" என்று போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டாள்.